துணியில் திரையச்சு



நம் மன்றத்து விழாவுக்கு ஆண்டுதோறும் பனியன் சட்டைகள் அச்சிட்டு வாங்குகிறோம். அந்த அச்சு துணியில் ஏறுவது எப்படி? வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையிலும், அத்தொழிலில் உழைக்கும் ஒருத்தியின் தம்பி என்ற முறையிலும் சில செய்திகளைச் சொல்ல விழைகிறேன்.

தகரக் கோல அச்சில் மாவை நிரப்பி வாசலில் தட்டினால், துளையுள்ள இடத்தில் மாவு விழும். மற்ற இடத்தில் விழாது. திரையச்சின் தத்துவம் இவ்வளவே. சாக்கு மூட்டைகளின்மேல் வெட்டுத்தகடு வைத்து மையால் பெயர் பொறிப்பதும் இதுதான். ஆனால் தகட்டில் ஒரு சங்கடம். ஒரு பூஜ்யத்தை வெட்டிப் பாருங்கள். நடுத்துண்டு கையோடு வந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்தப் பாலம் வேண்டும். சுழி மிகுந்த நம் எழுத்துகளுக்கோ இத்தொல்லை பன்மடங்கு!

சப்பானியர் இதற்கு வழி கண்டனர். மெல்லிய பட்டு நூல்களைக் காகித அச்சின் குறுக்கே ஒட்டினர். நூல் நுண்ணியது; அரிசிக் களி அதனைச் சுற்றி வழிந்து ஒன்றுகூடிவிடும். 1907இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் பட்டுத் துணியையே சட்டத்தில் இழுத்துக் கட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பட்டின் இடத்தில் பாலியஸ்டர். சாதாரணச் சட்டைக்குச் செண்டிமீட்டருக்கு 43 இழை போதும்.

இனி, திரையில் உருவம் ஏறும் வகையைக் காண்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. டைக்குரோமேட் உப்பு தடவிய காகிதம் ஒளிபட்டால் மாறுவதை மங்கோ பாண்டன் 1839இல் கண்டறிந்தார். செலட்டின் போன்ற பசையில் இவ்வுப்பைக் கலந்து, இருட்டறையில் திரைமேல் பூசி உலர்த்துவர். கறுப்பு உருவம் வரைந்த பிலிமை அதன்மேல் வைத்து ஒளி காட்டுவர். ஒளி பட்ட இடத்தில் ஆறு இணைதிறன் குரோமியம் மூன்றாகக் குறைந்து, பசையின் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கும். அவ்விடம் நீரில் கரையாது. கறுப்பின் நிழலில் இருந்த பசையோ தண்ணீரில் கழுவினால் போய்விடும். அந்த வழியே மை இறங்கும். ரப்பர் விளிம்புள்ள கட்டையால் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். நிறத்துக்கு ஒரு திரை வேண்டும்.

மைகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிளாஸ்டிசால் என்பது பி.வி.சி. துகள் கலந்த குழம்பு. அது காற்றில் உலராது. சுமார் 160 பாகை செல்சியஸ் வெப்பத்தில்தான் உருகி ஒன்றாகும். திரை அடைபடாது என்பதால் அச்சிடுவோர் இதனை விரும்புவர். அணிவோருக்கு நெஞ்சில் ரப்பர் ஒட்டியது போலிருக்கும் என்பது வேறு செய்தி! மற்றொன்று, பருத்தியோடு வினைபுரிந்து பிணையும் சாயம். அதனைக் கெட்டியாக்க மாவுக்கஞ்சி உதவாது. மாவும் பருத்தியும் குளுக்கோசு மக்கள். சாயம் துணியை விட்டு மாவைப் பற்றிக்கொள்ளும். ஆகவே கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்சினேட்டைச் சேர்க்கின்றனர். அந்தப் பாசி நம் இராமநாதபுரக் கடலிலும் விளைகிறது.

நான் பிறந்தது கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்து அங்கே குடியேறிய குடும்பம் எங்களுடையது. பாட்டனார் நுரையீரலில் கல்தூளைச் சுமந்து மறைந்தார். 28-2-2001 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்கால ரயிலேறிப் பெங்களூர் சென்று பிழைப்பவர் ஆயிரக்கணக்கானோர். என் அக்காளும் அவர்களுள் ஒருத்தி. ஓர் அச்சுக்கூடத்தில் திரைக்குப் பசை பூசுவது அவள் வேலை. கையுறை தருவதில்லை. அவள் விரலிடுக்கில் ஆறாத வெடிப்பு.

காரணம் இதுதான்: செலட்டின் என்பது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுப்பது. திரையில் செலட்டினைப் பிணைக்கும் அதே குரோமியம் ஆம்பூரில் தோலைப் பதனிடுகிறது. மனிதத் தோலுக்குள் புகுந்தாலும் அங்குள்ள புரதத்தைப் பற்றும். உடல் அதனைப் பகையென்று கருதிப் போரிடுகிறது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீங்காது. எங்கள் முன்னோர் விட்டுவந்த வட ஆர்க்காட்டு இராணிப்பேட்டையில் குரோமேட் ஆலையொன்று 1995இல் மூடப்பட்டபோது, இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு அங்கேயே கிடந்தது.

மாற்று இல்லாமலில்லை. டையசோ கலந்த பசையும், கலவையே வேண்டாத ஒளிப்பசையும் கடைகளில் கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடுதல். விழாக் குழுவினர் இவ்வாண்டு சட்டைக்கு விலை கேட்கச் செல்லும்போது, பசை கலக்கும் இடத்தையும் எட்டிப் பார்த்து வரட்டும். பளிச்சென்ற செம்மஞ்சள் படிகத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால், அது டைக்குரோமேட்டாக இருக்கக்கூடும்; பெயரைக் கேட்டறிக. கரைப்பவர் கையில் உறை இருக்கிறதா என்றும் பார்க்க.