சிகரெட் துண்டு செங்கல் ஆகுமா?

 

இந்த மாதப் பாடம் ஒரு சின்னக் குப்பையைப் பற்றியது. டீக்கடை வாசலில் கிடக்கும். பஸ் நிறுத்தத்தில் கிடக்கும். கல்யாண மண்டபத்தின் பின்புறம் கிடக்கும். பள்ளிவாசல் தெருவிலும் கிடக்கும். குடித்து முடித்த சிகரெட்டின் அடித்துண்டுதான் அது. விரல் நுனி அளவுதானே என்று யாரும் அதைக் குப்பையாகவே நினைப்பதில்லை.

இந்தத் துண்டைச் செங்கல்லிலும் தார்ச்சாலையிலும் சேர்த்துவிட முடியும் என்று ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். அது எப்படி முடிகிறது, அதற்கு எல்லை எது, நம் வீட்டுக்கு அதில் என்ன பாடம் என்ற மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

துண்டுக்குள் என்ன இருக்கிறது?

சிகரெட்டின் அடியில் இருக்கும் ஃபில்டரைப் பலர் பஞ்சு என்று நினைக்கிறார்கள். சிலர் காகிதம் என்கிறார்கள். இரண்டும் இல்லை. அது செல்லுலோஸ் அசிடேட் என்னும் ஒருவகை பிளாஸ்டிக் நூல். ஒரு ஃபில்டரில் அப்படி 12,000-க்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள் இருக்கின்றன. மழையில் நனைந்தாலும் வெயிலில் காய்ந்தாலும் அது சீக்கிரம் மக்காது. சின்னச் சின்ன இழையாகப் பிரிந்து மண்ணிலும் சாக்கடையிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்.

அதைவிடப் பெரிய சங்கதி, அந்த ஃபில்டரில் ஒட்டிக்கொண்டிருப்பது. புகையிலிருந்த நிக்கோட்டின், தார், ஆர்சனிக், காட்மியம், ஈயம் போன்ற நச்சுகளில் ஒரு பங்கு ஃபில்டரிலேயே தங்குகிறது. மழை பெய்ததும் அது கரைந்து தண்ணீரோடு ஓடுகிறது. அமெரிக்காவின் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு துண்டு என்ற கணக்கில் ஊறவைத்த தண்ணீரில் மீன்களை விட்டுப் பார்த்தபோது, ஏறக்குறைய பாதி மீன்கள் நான்கு நாளில் செத்துப்போயின. கடல் மீன், நன்னீர் மீன் இரண்டுக்கும் அதே கதிதான்.

உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சம் கோடி சிகரெட் தயாராகிறது. அதிலிருந்து வரும் துண்டுகளின் எடை சுமார் 12 லட்சம் டன். இதில் பெரும்பகுதி குப்பைத் தொட்டிக்குக்கூடப் போவதில்லை. தெருவிலேயே வீசப்படுகிறது.

செங்கல்லுக்குள் போவது எப்படி?

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆர்.எம்.ஐ.டி. என்ற பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கட்டுமானப் பொறியியல் துறையைச் சேர்ந்த டாக்டர் அப்பாஸ் மொஹஜெரானியும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகளாக இந்தத் துண்டுகளை வைத்து ஆய்வு செய்துவருகிறார்கள். 2016-ல் வெளியான அவர்களுடைய கட்டுரைக்குப் பிறகு இந்த விஷயம் உலகமெங்கும் பேசப்பட்டது.

அவர்கள் செய்த முறை சிக்கலானதல்ல. சேகரித்த துண்டுகளை முதலில் அடுப்பில் 105 டிகிரி சூட்டில் ஒரு நாள் முழுக்க வைத்துக் கிருமி போக்கினார்கள். பிறகு செங்கல் மண்ணோடு கலந்து, அச்சில் அழுத்தி, காயவைத்து, 1050 டிகிரி சூட்டில் சுட்டார்கள்.

நம் பக்கத்துச் சூளைகளில் சிலர் மண்ணோடு உமியோ சாம்பலோ சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். உமி உள்ளேயே எரிவதால் கல் நன்றாக வேகும், எடையும் குறையும். சிகரெட் துண்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் இழையும் நிக்கோட்டினும் எரிந்துவிடுகின்றன. எரியும்போது அவையே கொஞ்சம் சூட்டைக் கொடுக்கின்றன. அவை இருந்த இடத்தில் நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. எரியாமல் மிஞ்சும் உலோக நச்சுகள், வெந்து இறுகிய மண்ணுக்குள் சிறைப்பட்டுவிடுகின்றன. உண்மையிலேயே சிறைப்பட்டதா என்று பார்க்க, செங்கல்லை நொறுக்கித் திரவத்தில் ஊறவைத்துச் சோதித்தார்கள். கசிந்து வந்த உலோகம் மிகமிகக் குறைவு.

இதனால் இரண்டு லாபம் உண்டு. ஒன்று, எரிபொருள் மிச்சம். எடையில் 5 சதவீதம் துண்டு கலந்தால், கல்லைச் சுடுவதற்கான எரிசக்தியில் 58 சதவீதம் வரை குறையும் என்று கணக்கிட்டார்கள். ஒரு சதவீதம் கலந்தால் ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். இரண்டு, துளைகள் இருப்பதால் வெயிலின் சூடு சுவர் வழியே உள்ளே வருவது குறைகிறது. 5 சதவீதம் கலந்த கல்லில் சூடு கடத்தும் தன்மை ஏறத்தாழ பாதியாகிவிட்டது.

அப்படியானால் நிறையக் கலக்கலாமே?

இங்கேதான் கவனம் வேண்டும். துளை கூடக்கூடக் கல்லின் பலம் குறைகிறது. துண்டு கலக்காத கல், சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 25 நியூட்டன் அழுத்தம் தாங்கியது. 2.5 சதவீதம் கலந்த கல் அதில் பாதிதான் தாங்கியது. 10 சதவீதம் கலந்ததோ வெறும் 3 நியூட்டன்தான். நம் நாட்டுச் செங்கல்லுக்கான ஐ.எஸ். 1077 தரத்தில் ஆகக் கடைசி வகைக்கே 3.5 நியூட்டன் வேண்டும். அந்தக் கல் அதற்குக்கூடத் தேறாது.

ஆகவே ஆய்வாளர்கள் ஒரு சதவீதத்தில் நின்றார்கள். அந்த அளவில் கல் பலமாகவே இருக்கிறது. உலகில் தயாராகும் செங்கல்லில் 2.5 சதவீதக் கற்களில் மட்டும் இப்படி ஒரு சதவீதம் கலந்தாலே, ஆண்டுதோறும் சேரும் துண்டு முழுவதையும் உள்ளே அடக்கிவிடலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

தார்ச்சாலையிலும்

2017-ல் அதே குழு இன்னொரு வழியைக் காட்டியது. துண்டுகளைத் தாரிலும் பாரஃபின் மெழுகிலும் முக்கி, மேலே ஓடு போல மூடிவிடுகிறார்கள். பிறகு சூடான தார் ஜல்லிக் கலவையில் சேர்க்கிறார்கள். நச்சு வெளியே கசிவதில்லை. கனரக வண்டிகள் ஓடும் அளவுக்குச் சாலை தாங்குகிறது. சாலை சூட்டைக் கடத்துவதும் குறைவதால் நகரத்தின் வெப்பமும் கொஞ்சம் தணியும் என்கிறார்கள். ஸ்லோவாக்கியா நாட்டில் சிகரெட் துண்டின் இழையைச் சேர்த்துச் சாலையே போட்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் செய்யலாமா?

செங்கல் சூளை நம் வட்டாரத்திலும் இருக்கிறது, துண்டும் தெருவெங்கும் இருக்கிறது. ஆனால் மூன்று விஷயங்களை மனதில் வைக்க வேண்டும்.

முதலாவது, இது வீட்டில் செய்து பார்க்கும் வேலை அல்ல. துண்டுகள் எரியும்போது வரும் புகையும் நச்சுப் புகைதான். அதை அடக்கும் வசதி சூளையில் வேண்டும். திறந்த சூளையில் மூட்டை மூட்டையாகக் கொட்டினால், மண்ணில் கிடந்த நச்சு காற்றில் ஏறி, சூளையில் வேலை பார்ப்பவருக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் போய்ச் சேரும். கல் சோதனைக்கூடத்தில் தேறினால்தான் சுவருக்குப் போகலாம்.

இரண்டாவது, சேகரிப்பதுதான் மலை போன்ற வேலை. மேலே சொன்ன கணக்குப்படி ஒரு துண்டின் எடை 0.2 கிராம். மூன்று கிலோ செங்கல்லில் ஒரு சதவீதம் என்றால் 30 கிராம், அதாவது 150 துண்டு. 10,000 கல்லில் கட்டும் சிறு வீட்டுக்கு 15 லட்சம் துண்டு வேண்டும். அத்தனையையும் தெருவிலிருந்து ஒவ்வொன்றாக யார் குனிந்து பொறுக்குவது? தூய்மைப் பணியாளரின் முதுகில் அதை ஏற்றுவது நியாயமா? எரிந்தவர் கையாலேயே அது தனித் தொட்டியில் விழுந்தால்தான் மறுசுழற்சி என்ற பேச்சுக்கே இடம் உண்டு. 2020-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் சிகரெட், பீடித் துண்டுகளை அப்புறப்படுத்த வழிகாட்டு நெறிகள் வகுக்குமாறு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சொன்னது.

மூன்றாவது, நம் நாட்டில் பீடி குடிப்பவர்களும் ஏராளம். பீடியில் பிளாஸ்டிக் ஃபில்டர் கிடையாது. இலை மக்கிவிடும். அதனால் பீடி பரவாயில்லை என்று எண்ணிவிடக் கூடாது. மிச்சப் புகையிலையில் நிக்கோட்டின் இருக்கிறது. குடிப்பவரின் நெஞ்சுக்கு அது சிகரெட்டைவிட நல்லதும் அல்ல.

ஒரு வீட்டுக் கணக்கு

குப்பை செங்கல்லாகிறது என்றதும், "அப்படியானால் குடிப்பதால் யாருக்கும் நஷ்டமில்லையே" என்று ஒருவர் வேடிக்கையாகச் சொல்லக்கூடும். அவருக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவோம்.

நாளுக்குப் பத்து சிகரெட் குடிப்பவர் ஆண்டுக்கு 3,650 துண்டு போடுகிறார். ஒன்றுவிடாமல் சேகரித்துக் கொடுத்தாலும் அது 24 செங்கல்லுக்குத்தான் காணும். வீட்டு வாசல்படிக்குக்கூடப் போதாது.

இப்போது காசைப் பாருங்கள். சிகரெட் ஒன்று 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 150 ரூபாய், ஆண்டுக்கு 54,750 ரூபாய். செங்கல் ஒன்று 10 ரூபாய் என்றால் 5,475 கல் வாங்கலாம். பத்துக்குப் பத்து அறை ஒன்றின் நான்கு சுவரையும் அதில் எழுப்பிவிடலாம்.

குடித்தால் 24 கல். குடிக்காவிட்டால் ஓர் அறை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் டிரஸ்ட் வாசலில் மனு கொடுக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். நெஞ்சு வலிக்கும் புற்றுநோய்க்கும் ஆகும் செலவை இதில் சேர்க்கவே இல்லை.

நாம் செய்யக்கூடியவை

1. வீட்டில் யாராவது குடிப்பவராக இருந்தால் துண்டைத் தரையில், தொட்டிச்செடியில், கழிப்பறையில் போட விடாதீர்கள். தண்ணீரில் நனைத்து, நெருப்பு முழுதும் அணைந்ததும், மூடியுள்ள தகரடப்பாவில் போட்டுக் குப்பையோடு கொடுத்துவிடுங்கள்.

2. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். குழந்தை துண்டை வாயில் போட்டுவிட்டால் நிக்கோட்டின் நஞ்சாகும். வாந்தி, மயக்கம் வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

3. குப்பையோடு சேர்த்துத் துண்டுகளைக் கொளுத்தாதீர்கள்.

4. கல்யாணம், வலீமா விருந்து நடக்கும் மண்டபத்தில், வெளியே ஓரமாக மணல் நிரப்பிய ஒரு தொட்டி வையுங்கள். பொது இடத்தில் புகைப்பதைத் தடை செய்யும் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. 200 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதையும் எழுதி வையுங்கள்.

5. பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவருக்கு எங்கேயும் விற்கக் கூடாது. நம் மஹல்லாவில் கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் ஜமாஅத் பெரியவர்கள் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம்.

6. விட நினைப்பவரைத் திட்டாதீர்கள், கூட நில்லுங்கள். அரசின் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. கட்டணம் இல்லை.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது தர்மம் என்று மக்தபில் சின்ன வயதிலேயே படித்தோம். முள்ளும் கல்லும் மட்டும் இடையூறு என்று எண்ணியிருந்தால், இந்தச் சின்னத் துண்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்வோம்.

வீட்டில் பிள்ளைகளோடு பேசிப் பார்க்க

- ஃபில்டர் எதனால் ஆனது? அது ஏன் சீக்கிரம் மக்குவதில்லை?
- செங்கல்லில் 10 சதவீதம் துண்டு கலந்தால் என்ன ஆகும்?
- நம் தெருவில் ஓரிடத்தில் ஒரு நாளில் எத்தனை துண்டு விழுகிறது? கையால் தொடாமல் எண்ணிப் பாருங்கள். அது எத்தனை செங்கல்லுக்குக் காணும்?
- நம் வீட்டில் யாராவது குடிப்பதை நிறுத்தினால், மிச்சமாகும் பணத்தை முதலில் எதற்குப் பயன்படுத்துவோம்?

கடைசிக் கேள்விக்கான பதிலை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். விட நினைப்பவர் தினமும் அதைப் பார்க்கட்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் வேறொரு பாடத்தில் சந்திப்போம்.