போர் தண்ணீரில் துவைப்பவர்களுக்கு 19 சலவைக் குறிப்புகள்

சங்கரன்கோவில் பக்கம் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும். துவைக்க, கழுவ, குளிக்க ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணீர். ஒரே பவுடரை இரண்டிலும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் நுரை பொங்கும், மற்றதில் கலங்கலாகத் தங்கும். சட்டை வெளுக்கவில்லை என்றால் நாம் உடனே பவுடரை மாற்றுகிறோம், இல்லையென்றால் இன்னொரு கை அள்ளிப் போடுகிறோம். முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. அடுத்து கறை எது என்பதை. பவுடர் மூன்றாவதுதான்.

1. உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதியளவு போர் தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைச் சீவிச் சிறிது போட்டு, மூடிக் குலுக்குங்கள். இன்னொரு பாட்டிலில் மழைத் தண்ணீர் வைத்து இதையே செய்யுங்கள். மழைத் தண்ணீரில் நுரை நிற்கும். கால்சியம், மெக்னீசியம் மிகுந்த கடினத் தண்ணீரில் நுரை குறைந்து, திரிதிரியாக வெள்ளை மிதக்கும். துவைக்கிற பவுடரை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அது கடினத்தை மறைத்துவிடும். குடிதண்ணீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது.

2. சோப்பு வேறு, டிடர்ஜென்ட் வேறு. இரண்டும் வேலை செய்கிற விதம் ஒன்றுதான். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தண்ணீரோடு சேரும் ஒரு முனையும் எண்ணெயோடு சேரும் ஒரு முனையும் உண்டு. எண்ணெய் முனைகள் அழுக்கைச் சுற்றிப் பற்ற, தண்ணீர் முனைகள் அதைத் துணியிலிருந்து கிளப்பித் தண்ணீரில் மிதக்க வைக்கும். ஆனால் எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்கிற சோப்பு, கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகத் திரிந்துவிடும். வெள்ளைச் சட்டை நாளடைவில் மங்குவதற்கும், குளியலறைத் தரையில் வெண்படலம் ஏறுவதற்கும் அந்தப் பிசுக்குதான் காரணம். முதல் உலகப் போரில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1916-இல் ஜெர்மனியில் கொழுப்பு இல்லாமலே ஒரு சலவைப் பொருளைச் செய்தார்கள். டிடர்ஜென்ட் வந்த வழி அது. இந்தியாவில் சர்ஃப் 1959-இல் வந்தது. 1969-இல் குஜராத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய நிர்மா அதைச் சாதாரண வீடுகளுக்கும் கொண்டுவந்தது. டிடர்ஜென்ட் கடினத் தண்ணீரில் சோப்பு அளவுக்குத் திரியாது. ஆகவே போர் தண்ணீர் வீடுகளில் துணிக்கு டிடர்ஜென்ட்தான் சரி. சோப்பு குளிக்க மட்டும் இருக்கட்டும்.

3. பவுடருக்கு முன் சலவைச் சோடா. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிப்பேன் என்பவர்கள் இதைக் கடைப்பிடியுங்கள். ஒரு வாளி போர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்துக் கால்மணி நேரம் விட்டு, அதன்பின் பவுடரைப் போடுங்கள். சோடா, தண்ணீரிலுள்ள கால்சியத்தைச் சுண்ணாம்புத் தூளாக அடியில் படிய வைத்துவிடும். பவுடர் தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் அழுக்கைப் பார்க்கும். வழக்கமாகப் போடுவதில் பாதிப் பவுடர் போதும் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். இந்தச் சோடாவைத் தூத்துக்குடியிலேயே உப்பிலிருந்து தயாரித்திருக்கிறார்கள். சமையலுக்கு வைத்திருக்கும் ஆப்பசோடா வேறு. அது இந்த வேலைக்குப் போதாது. சோடாவைப் பட்டு, கம்பளி இரண்டிலும் சேர்க்கக் கூடாது. கையில் பட்டால் தோல் வறளும், கரண்டியால் எடுங்கள்.

4. வெள்ளாவியின் கணக்கும் இதுவே. சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைக் கரைத்து, அதில் துணியை முக்கி, பானைக்கு மேல் அடுக்கி இரவெல்லாம் ஆவியில் வேக வைத்தார்கள். உவர்மண்ணில் இருப்பதும் சோடாதான். அந்தக் காரம் துணியில் ஏறியிருக்கும் எண்ணெயையும் வியர்வைப் பிசுக்கையும் சூட்டில் சோப்பாகவே மாற்றிவிடும். எந்த மண் எடுக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆவி காட்ட வேண்டும் என்பதெல்லாம் தலைமுறைகளாகக் கைவழியே வந்த வேதியியல். ஊரையே வெளுத்துக் கொடுத்த அந்த அறிவுக்கு ஊர் கொடுத்த மரியாதை மிகக் குறைவு. அதைச் சொல்லாமல் இந்தக் குறிப்பை எழுத எனக்கு மனமில்லை. பருத்தி வேட்டி, துண்டு, படுக்கை விரிப்பு ஆகியவற்றுக்கு மாதம் ஒருமுறை இதையே சிறிய அளவில் செய்யலாம். பெரிய பாத்திரத்தில் வெந்நீர், அதில் சோடா, பவுடர், அரைமணி ஊறல். சாயம் போகிற துணிக்கு மட்டும் வேண்டாம்.

5. நுரை வேறு, வெளுப்பு வேறு. நுரையைக் கூட்டவும் குறைக்கவும் தனிப் பொருள்கள் உண்டு. வாஷிங் மெஷின் பவுடரில் நுரையை வேண்டுமென்றே குறைத்திருப்பார்கள். மெஷினுக்குள் நுரை அதிகமானால் துணி உரசாது, அழுக்கும் கழலாது. அதனால் கைத்துவைப்புப் பவுடரை முன்பக்கக் கதவுள்ள மெஷினில் போடாதீர்கள்.

6. பவுடரை முதலில் கரையுங்கள். ஒரு மக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, வாளியில் ஊற்றி, பிறகு துணியைப் போடுங்கள். துணிமேல் தூவினால் கருநீலத்திலும் கறுப்பிலும் திட்டுத் திட்டாக வெளிறும்.

7. ஊறல் அரைமணி முதல் ஒரு மணி வரை போதும். ராத்திரி முழுக்க ஊறப் போட்டால், கிளம்பின அழுக்கே திரும்பத் துணியில் ஏறும். வாடையும் வரும், சாயமும் இறங்கும்.

8. பவுடர் பாக்கெட்டில் ‘என்சைம்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இவை புரதம், மாவு, கொழுப்பு ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டும் நொதிகள். பால், ரத்தம், குழம்பு, குழந்தைத் துணிக் கறை எல்லாவற்றுக்கும் இவை மிக நல்லது. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் இவை செயலிழந்துவிடும். வெதுவெதுப்பு போதும், ஆனால் நேரம் கொடுக்க வேண்டும். பட்டும் கம்பளியும் புரதம்தான் என்பதால் இந்தப் பவுடர் அவற்றின் பக்கமே போகக் கூடாது.

9. ரத்தம், பால், முட்டைக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் புரதம் வெந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு பவுடர்.

10. மஞ்சள் கறை சிவந்தால் பயப்படாதீர்கள். சாம்பார் பட்ட வெள்ளை வேட்டியில் சோப்புப் போட்டவுடன் கறை செங்காவியாக மாறும். கறை முற்றிவிட்டது என்று நினைத்துப் பலர் பிரஷ்ஷால் தேய்த்தே துணியைக் கிழிக்கிறார்கள். மஞ்சளிலுள்ள நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும், அவ்வளவுதான். மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே குணத்தை வைத்துத்தான். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். இந்த நிறம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அநேகமாகக் கரையாது. அதனால் முதலில் எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு விரலால் மெதுவாகத் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். மிச்சத்தைச் சூரியனிடம் விட்டுவிடுங்கள். ஈரத்தோடு கறைப் பக்கம் மேலே தெரிய நல்ல வெயிலில் போட்டால், இரண்டொரு நாளில் மஞ்சள் தானாக வெளிறிவிடும். நம் ஊர் வெயிலுக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை.

11. பிரியாணிச் சட்டியும் பிரியாணி பட்ட சட்டையும். சங்கரன்கோவில் பிரியாணியின் பெயர் ஊர் தாண்டிப் போயிருக்கிறது, கறையும் கூடவே போகும். ஆட்டுக்கொழுப்பு ஆறினால் உறைந்துவிடும். உறைந்த கொழுப்பைப் பச்சைத் தண்ணீரில் எந்த டிடர்ஜென்ட்டும் சுலபமாகக் கிளப்பாது. சட்டியை முதலில் பழைய தாளால் துடைத்து, வெந்நீர் ஊற்றி, பிறகு திரவம் போட்டுக் கழுவுங்கள். திரவத்தை ஒரு கிண்ணம் தண்ணீரில் கலந்து ஸ்பான்ஜில் தொட்டுக்கொண்டால் பாட்டில் நெடுநாள் வரும். சட்டையில் பட்ட எண்ணெய்மேல் உடனே திருநீறோ முகப்பவுடரோ தூவிப் பத்து நிமிடம் விட்டுத் தட்டுங்கள். பாதி எண்ணெய் அதோடு போய்விடும். மீதிக்குப் பத்தாவது குறிப்பு.

12. புற்றுமண், செம்மண், கரிசல் மூன்றுக்கும் ஒரே விதி: காய விடுங்கள். சங்கரன்கோவில் கோமதி அம்மன் சந்நிதியில் புற்றுமண் பூசிக்கொண்டு வந்த வேட்டியை அப்படியே வாளியில் முக்கித் தேய்த்தால், நுண்ணிய மண் இழைக்குள் போய் உட்காரும். காய்ந்தபின் உதறி, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, வெறும் தண்ணீரில் இரண்டு அலசல் போட்டு, மண் கலங்குவது நின்ற பிறகு பவுடரில் ஊற வையுங்கள்.

13. வாழைக்கறைக்கு மருந்து கிடையாது. பட்டவுடன் நிறமில்லாமல் இருக்கும், காற்றுப் பட்டதும் பழுப்பாகும், துவைக்கத் துவைக்கக் கறுக்கும். தார் தூக்கவும், வாழைப்பூ ஆயவும் பழைய துணி உடுத்துங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கறைபோக்கி என்று விற்பதை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

14. விசைத்தறிச் சேலைக்கு முதல் சலவை. சங்கரன்கோவில், புளியங்குடி, சுப்புலாபுரம் பக்கத்துத் தறிகளில் நெய்கிற பருத்திச் சேலைகளில், பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சிப் பசை ஏற்றியிருப்பார்கள். புதுச் சேலையை நேரே பவுடரில் போட்டால் பசையும் அழுக்கும் சாயமும் சேர்ந்து குழம்பும். முதல் தடவை வெறும் பச்சைத் தண்ணீரில் அரைமணி தனியாக ஊற வைத்து அலசி, நிழலில் உலர்த்துங்கள். சாயம் போகுமா என்று அறிய, முந்தானை ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிலைக்கும் என்று தலைமுறைகளாகச் சொல்கிறோம். அந்த ஒரு வாளியில் சாயம் இறங்குவதை உப்பு கொஞ்சம் தடுக்கலாம். நிரந்தரமாகப் பிடித்து வைக்காது. சாயம் நிலைப்பது சாயப்பட்டறையில் முடிந்துபோன வேலை. சாயம் விடுகிற சேலையை எப்போதும் தனியாகத் துவைப்பதுதான் வழி.

15. பட்டுக்குப் பூந்திக்கொட்டை. நாலைந்து கொட்டையை உடைத்து, விதையை நீக்கி, வெந்நீரில் ஊற வைத்து, பிசைந்து வடிகட்டினால் நுரைக்கிற தண்ணீர் கிடைக்கும். அதிலுள்ள சபோனின் மரம் செய்து தருகிற டிடர்ஜென்ட். காரம் கிடையாது, கடினத் தண்ணீரிலும் திரியாது. ஆறவைத்து, பட்டை அதில் முக்கி எடுத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் எடுங்கள். நகைக்கும் இதுவே நல்லது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

16. துருக்கறைக்கு எலுமிச்சை. கம்பிக் கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியில் விழுகிற செம்புள்ளிக்கு எந்தப் பவுடரும் உதவாது. பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சையின் சாற்றை விட்டு, உப்புத் தூவி, வெயிலில் ஒரு மணி வைத்து அலசுங்கள். குழாயில் படிந்த வெண்காறையும் இதே சாற்றுக்குக் கரையும்.

17. பிளீச்சிங் பவுடரோடு எதையும் கலக்காதீர்கள். எலுமிச்சை, வினிகர், கழிப்பறை கழுவும் ஆசிட் எது சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும், உயிரையும் பறிக்கும். ஒன்றைப் பயன்படுத்தினால், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கதவைத் திறந்து வைத்து, அடுத்த நாள்தான் மற்றது. எந்தச் சலவைப் பொருளையும் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கண்ணில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டுப் போங்கள்.

18. ஆடிக்காற்றில் கொடி கட்டும்போது. ஆடித் தபசுத் திருவிழா மாதத்தில் இங்கே அடிக்கிற காற்றில் துணி அரைமணியில் காயும், அதே அரைமணியில் புழுதியும் ஏறும். கொடியைத் தெருப் பக்கம் கட்டாமல் கொல்லையில் சுவருக்கு உள்புறம் கட்டி, கிளிப் போட்டு, காய்ந்த கையோடு எடுத்துவிடுங்கள். கலர்த் துணியை உள்பக்கம் வெளியே திருப்பிப் போடுங்கள். நீலம் போடுவதானால் கடைசி அலசலில், ஏற்கெனவே கரைத்த நீலத்தை. கஞ்சி அதற்கும் பிறகு.

19. துவைத்த தண்ணீரை எங்கே விடுவது? இப்போதைய டிடர்ஜென்ட்டின் மூலப்பொருளான நேர்ச்சங்கிலி வேதிப்பொருள் சென்னை மணலியிலும் தயாராகிறது. மண்ணிலும் நீரிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். 1960-களுக்கு முன் இருந்த வகை அப்படிச் சிதையாமல் மேல்நாட்டு ஆறுகளை நுரையாக்கியது, அதனால்தான் மாற்றினார்கள். சிதையாமல் தங்குவது சோடியம். கரிசல் மண்ணில் சோடியம் ஏறினால் களி பிரிந்து, மழை பெய்தால் சேறாகவும் காய்ந்தால் பாறையாகவும் இறுகி, வேருக்குத் தண்ணீர் இறங்காது. ஆகவே பவுடர்த் தண்ணீரையும் சோடாத் தண்ணீரையும் சாக்கடைக்கே விடுங்கள். குளத்துக்குப் போகிற ஓடையில் கலக்க வேண்டாம். கடைசி அலசல் தண்ணீரை மட்டும் வாழைக்கோ தென்னைக்கோ பாய்ச்சலாம். அதையும் தினமும் ஒரே மரத்தடியில் ஊற்றாமல் மாற்றி மாற்றி ஊற்றுங்கள். கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் வேண்டாம்.