மேக்பெத்தை யூடியூபில் படிக்கிறீர்களா?

ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு யூஜிசி நெட் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கணக்குதான் இடிக்கிறது. சிலபஸில் பத்து யூனிட். முதல் யூனிட்டே டிராமா. கிரேக்க நாடகம் தொடங்கி எதிலிருந்து வேண்டுமானாலும் கேட்பார்கள். கையில் இருப்பதோ நாலைந்து மாதம். பாதிப் பேருக்குப் பகலில் வேலையும் உண்டு. ஆகவே, ‘மேக்பெத் சம்மரி’ என்று யூடியூபில் தட்டுகிறீர்கள். பத்து நிமிட வீடியோ ஒன்று வந்து நிற்கிறது. பார்த்து முடித்ததும் நாடகத்தையே படித்துவிட்ட நிறைவு!

அது தப்பு என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். குறிப்பிட்ட மார்க் வாங்கினால் எல்லோருக்கும் பாஸ் என்கிற தேர்வில்லை இது. எழுதுபவர்களில் ஏறக்குறைய 6 சதவீதம் பேருக்குத்தான் அசிஸ்டன்ட் புரொஃபசர் தகுதி. ஜேஆர்எஃப் அதைவிடக் குறுகிய வாசல். நீங்கள் பார்த்த அதே வீடியோவைப் பக்கத்து சீட்காரரும் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அதில் இருப்பது இருவருக்கும் தெரியும். அதனால் இருவருக்கும் ஆதாயமில்லை. வீடியோ தாண்டிப் போன இடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தால், அந்த இரண்டு மார்க் யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் போட்டி. அதை நீங்கள் எப்படித் தட்டிக்கொண்டு போவது என்று மேக்பெத்தை வைத்தே பார்ப்போம்.

1. முதலில் ஒரே ஒரு வீடியோ. ஒன்றரை மடங்கு வேகத்தில், ஒரே தடவை, நோட்ஸ் எடுக்காமல் பாருங்கள். டங்கன் யார், அவர் மகன்கள் மால்கம், டொனல்பெய்ன் யார், பேங்க்வோ கொல்லப்படும்போது தப்பி ஓடும் மகன் யார் என்கிற ஆள் அடையாளம் பிடிபட்டால் போதும். வீடியோவைத் தேர்ந்தெடுக்கும்போது வியூஸ் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். பேசுபவர் ஆக்ட், சீன் எண்ணைச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லாதவர் இன்னொரு சம்மரியைப் பார்த்துச் சம்மரி செய்கிறவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஐந்து சேனலில் ஐந்து சம்மரி பார்ப்பது உழைப்பு மாதிரித் தெரியும். உண்மையில் ஒரே கதையை ஐந்து தடவை கேட்கிறீர்கள், அவ்வளவுதான்.

2. சினிமா துண்டுகளிடம் உஷாராக இருங்கள். சம்மரி வீடியோக்காரர்களுக்குப் படம் காட்ட வேண்டிய கட்டாயம். எனவே மேக்பெத் சினிமாக்களிலிருந்து காட்சிகளை வெட்டி ஒட்டுவார்கள். காது நாடகத்தைக் கேட்கும், கண் சினிமாவைப் பார்க்கும். நாலு மாதம் கழித்துத் தேர்வு ஹாலில் நினைவுக்கு வருவது கண் பார்த்தது.

ரோமன் பொலான்ஸ்கியின் 1971 படத்தில் கடைசியில் டொனல்பெய்ன் சூனியக்காரிகளைத் தேடிப் போவான். நாடகத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது; இரண்டாம் ஆக்டில் அயர்லாந்துக்குக் கிளம்பியவன் அப்புறம் மேடைக்கு வருவதே இல்லை. ஜஸ்டின் குர்செலின் 2015 படம் ஒரு குழந்தையின் இறுதிச் சடங்கில் தொடங்கும். அதுவும் இயக்குநரின் சேர்க்கை. பேங்க்வோவைக் கொல்ல வரும் மூன்றாவது கொலையாளி யார் என்று ஷேக்ஸ்பியர் சொல்லவில்லை. ஜோயல் கோயன் 2021-ல் அந்த வேலையை ராஸிடம் கொடுத்தார். அகிரா குரோசவாவின் 1957 படத்தில் நாயகன் சொந்தப் படையின் அம்புமழையில் சாகிறான். நாடகத்தில் அவனைக் கொல்பவன் மேக்டஃப். வெட்டிய தலையோடு மேடைக்கு வருவான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கண்ணி டங்கன் கொலை. சினிமாவில் கத்தி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நாடகத்தில் அது மேடையில் நடப்பதில்லை. மேக்பெத் உள்ளே போகிறான், ரத்தக் கையோடு வெளியே வருகிறான். நமக்குக் காட்டப்படுவது அவ்வளவே. லேடி மேக்பெத்தின் சாவும் அப்படித்தான். உள்ளிருந்து பெண்களின் அலறல், பிறகு ஒரு செய்தி. அவள் தன்னையே மாய்த்துக்கொண்டதாகப் பேச்சு என்று கடைசிப் பேச்சில் மால்கம் சொல்கிறான். ‘தற்கொலை செய்துகொண்டாள்’ என்று வீடியோ அடித்துச் சொல்லும். அசர்ஷன்–ரீசன் கேள்வி அமைப்பவருக்கு இந்த இடைவெளி அல்வா.

நோட்டில் இரண்டு பத்தி போட்டு, நாடகத்தில் இருப்பதை ஒன்றிலும் சினிமாவில் மட்டும் இருப்பதை மற்றதிலும் எழுதுங்கள். அரைமணி நேர வேலை. அடாப்டேஷன் பற்றிய கேள்விக்கும் இதே பக்கம் உதவும்.

3. வீடியோ எதைத் தாண்டுகிறது என்று குறியுங்கள். இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்.

கதை ஓட்டம் நின்றால் பார்ப்பவர் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடுவார். அதனால் கதை நகராத காட்சிகளையெல்லாம் கத்தரித்துவிடுவார்கள். மேக்பெத்தில் முதலில் பலியாவது நாலாம் ஆக்ட் மூன்றாம் சீன். மொத்த நாடகத்திலும் நீளமான சீன் அதுதான்! இங்கிலாந்தில் மால்கமைப் பார்க்க மேக்டஃப் வருகிறான். இவன் மேக்பெத்தின் உளவாளியோ என்று மால்கமுக்குச் சந்தேகம். எனவே, தான் பெண்பித்தன், பேராசைக்காரன், ராஜாவாக லாயக்கில்லாதவன் என்று தன்மேலேயே சேறு பூசிக்கொண்டு சோதிக்கிறான். நடுவில் ஒரு மருத்துவர் வந்து, இங்கிலாந்து மன்னர் தொட்டே கண்டமாலை நோயைக் குணப்படுத்துவதைச் சொல்கிறார். பிறகு ராஸ் வந்து மேக்டஃபின் மனைவி, பிள்ளைகள் கொல்லப்பட்ட செய்தியை உடைக்கிறான். நல்ல ராஜா யார் என்கிற விவாதம் முழுக்க இந்த ஒரு சீனில் இருக்கிறது. வீடியோவில் இதற்கு ஒரு வாக்கியம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அடுத்து இரண்டாம் ஆக்ட் மூன்றாம் சீன், போர்ட்டர் காட்சி. கொலை நடந்த கையோடு கோட்டைக் கதவு தட்டப்படுகிறது. குடிபோதையில் இருக்கும் வாயிற்காப்போன் தன்னை நரகத்தின் காவலனாக நினைத்துக்கொண்டு உளறுகிறான். ‘காமிக் ரிலீஃப்’ என்று இரண்டு சொல்லில் வீடியோ நகர்ந்துவிடும். நீங்கள் நகராதீர்கள். அவன் உள்ளே வரவேற்கும் ஆட்களில் ஒருவன் இரட்டை அர்த்தத்தில் சத்தியம் செய்பவன். 1605 நவம்பரில் பார்லிமென்ட்டை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி, அதன் தொடர்ச்சியாக 1606-ல் தூக்கிலிடப்பட்ட பாதிரியார் ஹென்றி கார்னெட் என்று அந்தக் கேலி நேராக அன்றைய அரசியலுக்குப் போகிறது. நாடகம் எழுதப்பட்ட காலத்தை 1606 வாக்கில் வைப்பவர்கள் காட்டும் சான்றுகளில் இதுவும் ஒன்று. கோல்ரிட்ஜுக்கு இந்தக் காட்சி பிடிக்கவில்லை; ஷேக்ஸ்பியர் எழுதியிருக்க மாட்டார் என்றே சொன்னார். தாமஸ் டி க்வின்சி 1823-ல் அந்தக் கதவு தட்டும் ஓசையைப் பற்றி மட்டுமே தனிக் கட்டுரை எழுதினார். ஒரு சீன், ஒரு வரலாறு, இரண்டு விமர்சகர்கள்! கேள்வித்தாள் அமைப்பவராக நீங்கள் இருந்தால் இதை விடுவீர்களா?

மூன்றாவது, ஹெகேட் வரும் காட்சி. மேக்பெத் முதன்முதலில் அச்சானது 1623 ஃபர்ஸ்ட் ஃபோலியோவில்தான். அதற்கு முந்தைய குவார்ட்டோ எதுவும் இல்லை. அந்தப் பிரதியில் தாமஸ் மிடில்டனின் ‘தி விட்ச்’ நாடகத்துப் பாட்டுகள் இரண்டு குறிக்கப்பட்டிருக்கின்றன. ஹெகேட் பகுதிகளில் மிடில்டனின் கை இருக்கலாம் என்று பதிப்பாசிரியர்கள் கருதக் காரணம் இதுதான்.

4. பிறகு மூலத்தைத் திறங்கள். பயப்பட வேண்டாம். ஷேக்ஸ்பியரின் டிராஜடிகளில் ஆகச் சின்னது மேக்பெத்தான். இரண்டாயிரத்துச் சொச்சம் வரி, ஹேம்லெட்டில் ஏறக்குறைய பாதி. வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் லைப்ரரி தன் இணையதளத்தில் வரி எண்ணோடு இலவசமாகவே கொடுக்கிறது. முழுவதும் முடியவில்லை என்றால் முதல் ஆக்ட் ஏழாம் சீன், இரண்டாம் ஆக்ட் இரண்டும் மூன்றும், விருந்தில் பேங்க்வோவின் ஆவி வரும் மூன்றாம் ஆக்ட் நாலாம் சீன், மேலே சொன்ன இங்கிலாந்து சீன், ஐந்தாம் ஆக்ட் ஒன்றும் ஐந்தும். இந்த ஏழையும் வாய்விட்டுப் படியுங்கள்.

ஏன் வாய்விட்டு? ஒரு பகுதியைக் கொடுத்து யார் பேசுவது என்று கேட்டால், கதை தெரிந்தவர் தடுமாறுவார். ஓசை பழகியவர் டிக் அடித்துவிட்டுப் போவார். சூனியக்காரிகளின் பேச்சு ட்ரோக்கேயிக் டெட்ராமீட்டர். குட்டையாக, தாளம் போட்டு ஓடும். மேக்பெத்தின் பேச்சு பிளாங்க் வெர்ஸ். அதுவரை செய்யுளில் மிடுக்காகப் பேசிய லேடி மேக்பெத், தூக்கத்தில் நடக்கும் காட்சியில் உரைநடைக்கு உடைந்துவிடுகிறாள். கதைச் சுருக்கத்தில் இது எதுவும் ஏறாது.

5. வருடங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேட்ச் த ஃபாலோயிங்கும் கிரோனாலஜியும் நெட் பேப்பரின் செல்லப் பிள்ளைகள். பேப்பர் ஒன்றும் இரண்டும் சேர்த்து 150 கேள்வி, 180 நிமிடம். ஒரு கேள்விக்கு 72 விநாடி. யோசித்துக் கண்டுபிடிக்க நேரமில்லை.

ஹோலின்ஷெட்டின் ‘கிரானிகிள்ஸ்’ இரண்டாம் பதிப்பு 1587. அதில் டங்கன் கொலைக்குப் பேங்க்வோவும் உடந்தை. பேங்க்வோ வம்சம் என்று சொல்லிக்கொண்ட முதலாம் ஜேம்ஸ் அரியணையில் இருந்த நேரம் பாருங்கள். ஷேக்ஸ்பியர் அவனை நல்லவனாக்கிவிட்டார். ஆபீஸ் அரசியல் அன்றும் இருந்தது. விருந்தாளியாக வந்த ராஜாவை மனைவியின் தூண்டுதலால் கொல்வது, அதே நூலில் டஃப் என்ற வேறொரு ராஜாவின் கதை. 1611-ல் சைமன் ஃபோர்மன் குளோப் அரங்கில் நாடகம் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதினார். விமர்சனத்தில் 1904 ஏ.சி. பிராட்லி, 1916 ஃப்ராய்ட், 1933 எல்.சி. நைட்ஸ், 1947 க்ளீன்த் ப்ரூக்ஸ். லேடி மேக்பெத்துக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்கும் தலைப்பை வைத்தவர் நைட்ஸ். கேள்விக்கு விடை தேட அவர் அதை எழுதவில்லை; பாத்திரங்களை நிஜ மனிதர்களாக நடத்திய பிராட்லி வழி விமர்சனத்தை நக்கலடித்த தலைப்பு அது. ப்ரூக்ஸ் பிடித்துக்கொண்டது குழந்தை, உடை என்கிற இரண்டு படிமங்களை.

6. உச்சரிப்புக்கு வீடியோவையே நம்புங்கள், ஆனால் நடிகர்களின் வீடியோவை. சம்மரிகளில் பாதி மெஷின் குரல். மேக்பெத்தின் முதல் பட்டத்தைக் கிளாமிஸ் என்று படிப்பவர் அநேகம். ஸ்காட்லாந்தில் அந்த ஊர் ‘கிளாம்ஸ்’. ட்ரெவர் நன் 1976-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக இயக்கி, பின்னால் டிவிக்காகப் படமாக்கப்பட்ட மேக்பெத்தில் இயன் மெக்கெல்லனும் ஜூடி டென்ச்சும் பேசுவதைக் கேளுங்கள். மேடை அலங்காரம் ஏதுமில்லை. வசனம் மட்டுமே வேலை செய்யும்.

7. இன்டர்வியூவில் வீடியோ வாசனை அடிக்கக்கூடாது. நெட் முடித்தபின் காலேஜ் இன்டர்வியூ, டெமோ கிளாஸ் என்று அடுத்த சுற்று. “மேக்பெத்தின் டிராஜிக் ஃப்ளா அவனுடைய ஆம்பிஷன்” என்று ஆரம்பித்தால் பேனலில் இருப்பவர் மனசுக்குள் கொட்டாவி விடுவார். காலையிலிருந்து அதைச் சொன்ன எத்தனையாவது ஆள் நீங்களோ! ஒரே ஒரு சீனைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் ஆக்ட் ஏழாம் சீனில் மேக்பெத், இந்த வேலையே வேண்டாம் என்று முடிவுக்கு வந்துவிடுகிறான். சீன் முடிவதற்குள் மனைவி அவனைத் திருப்பிவிடுகிறாள். எந்த வாதத்தால் திருப்புகிறாள், அவன் எந்த இடத்தில் தளர்கிறான் என்று வரி காட்டிப் பேசினால் பேனல் நிமிரும்.

டெமோ கிளாஸுக்குப் போர்ட்டர் காட்சியை எடுங்கள். உள்ளே நுழைந்ததும் எதுவும் பேசாமல் மேசையை நாலு தட்டு தட்டிவிட்டு, யார் தட்டுவது என்று வகுப்பைக் கேளுங்கள். பத்து நிமிடம் கையில் வந்துவிடும். சீனியர் ஒருவர் அடாப்டேஷன் பக்கம் இழுத்தால் விஷால் பரத்வாஜின் ‘மக்பூல்’ கைகொடுக்கும். சூனியக்காரிகள் அங்கே இரண்டு போலீஸ்காரர்கள், ஓம் பூரியும் நசீருத்தீன் ஷாவும். 2021-ல் வந்த மலையாள ‘ஜோஜி’யையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதில் சூனியக்காரிகளே கிடையாது. ராஜா இடத்தில் அப்பா இருக்கிறார். விதியைச் சொல்ல ஆளில்லாதபோது கொலைக்கான பொறுப்பு எங்கே போகிறது என்று நீங்களே ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டால், அடுத்த ஐந்து நிமிடம் பேனல் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அவர்களைப் பேசவிடுங்கள். நன்றாகப் பேசியவர் என்று உங்களைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

8. இந்த முறை பழகிவிட்டால் அடுத்த நாடகத்துக்குப் பாதி நேரம்தான் ஆகும். மார்லோவின் ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ எடுத்துக்கொண்டால் முதல் வேலை, சம்மரி சொல்பவர் எந்தப் பிரதியைச் சொல்கிறார் என்று கண்டுபிடிப்பது. 1604-ல் அச்சானது ஏ-டெக்ஸ்ட், 1616-ல் அச்சானது பி-டெக்ஸ்ட். போப்புக்குப் போட்டியாளனான ப்ரூனோவை ஃபாஸ்டஸ் தப்புவிப்பது, மறுநாள் காலையில் மாணவர்கள் அவன் கிழிந்த உடலைக் கண்டெடுப்பது இரண்டும் பி-யில் மட்டுமே உண்டு. வீடியோவில் ப்ரூனோ வந்தால் அது பி-டெக்ஸ்ட் கதை. ப்ரூனோவும் வந்து, ‘1604-ல் வெளியான நாடகம்’ என்றும் சொன்னால் அந்த சேனலை மூடிவிடுங்கள்.