கேளாமல் வந்த கோப்பு

நாம் கேளாமலேயே யாரோ ஒருவர் நம் வீட்டு வாயிலில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுச் செல்கிறார் என்று கொள்வோம். உடனே திறப்போமா? யாருடையது, எங்கிருந்து வந்தது என்று உசாவிய பின்னரே தொடுவோம். ஆனால், கணினித் திரையில் அத்தகைய பெட்டி வந்து சேரும்போது நம்மில் பலர் அந்த நிதானத்தைக் காட்டுவதில்லை. நானும் காட்டவில்லை. அன்று கற்ற பாடத்தை மன்றத்து நண்பர்களுக்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு, பெங்களூரில் என் விடுதி அறையில் அமர்ந்து, குறுந்தொகை உரை ஒன்றை இணையத்தில் தேடிக்கொண்டிருந்தேன். முன்பின் அறியாத தளம் ஒன்றில் நுழைந்தேன். எதையும் அழுத்தவில்லை, ஆயினும் ஒரு கோப்பு தானே இறங்கி முடிந்தது. அதன் பெயரோ நான் தேடிய நூலின் பெயர்! மகிழ்ச்சியோடு அதனைத் திறக்கப் போனேன். என் ஆய்வேட்டின் மூன்று இயல்கள் அக்கணினியில்தான் இருந்தன. வேறு படி இல்லை.

"தம்பி, கையை எடு!" என்றார், கணினியியல் பயிலும் அறைத்தோழர். "பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்த்தாயா?"

விண்டோஸ் கணினி அவ்வெழுத்துகளை வழக்கமாக மறைத்தே காட்டும். அவர் அவற்றைத் தெரியும்படி செய்தார். 'பி.டி.எப்.' என்பதற்குப் பின்னே 'இ.எக்ஸ்.இ.' என்று இருந்தது. "இது நூலன்று அப்பா, நிரல். நூலை நீ படிப்பாய், நிரலோ உன் கணினியில் தன் வேலையைச் செய்யும்" என்றார். நாம் தேடும் சொல்லையே கோப்புக்குப் பெயராகச் சூட்டுவது வஞ்சகர் கையாளும் வழிகளுள் ஒன்று என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இது புதிய சூழ்ச்சியன்று. 2000-ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து காதல் கடிதம் என்ற பெயரில் ஒரு கோப்பு மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரவியது. வெறும் எழுத்துக் கோப்புப் போல் தோன்றிய அதன் பெயரின் இறுதியில் 'வி.பி.எஸ்.' என்னும் நிரல் அடையாளம் மறைந்திருந்தது. ஆவலால் திறந்தவர்களின் படங்களும் பிற கோப்புகளும் அழிந்தன.

இங்கு நாம் தெளிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கோப்பு வந்து சேர்வது வேறு. அதனைத் திறப்பது வேறு. பெரும்பாலும் கேடு திறந்த பின்னரே தொடங்குகிறது. பழைய உலாவியின் குறைகளைப் பயன்படுத்தித் திறவாமலே புகும் நிரல்களும் உண்டு. ஆதலின் உலாவியை அவ்வப்போது புதுப்பித்தல் இன்றியமையாதது.

அவ்வாறாயின், செய்யத்தக்கவை யாவை? முதலாவது, கோப்பைத் திறவாமல் அந்தப் பக்கத்தை மூடுக. இரண்டாவது, கோப்பை நீக்கிக் குப்பைத் தொட்டியையும் காலி செய்க. மூன்றாவது, நச்சுநிரல் தடுப்பு மென்பொருளால் கணினி முழுவதையும் சோதிக்க. நான்காவது, ஒவ்வொரு கோப்பையும் இறக்குமுன் நம்மைக் கேட்குமாறு உலாவியை அமைக்க. கைப்பேசியில் திருமண அழைப்பிதழ் என்று 'ஏ.பி.கே.' கோப்பு வந்தால், அதுவும் நிரலே என்று அறிக.

தவறித் திறந்துவிட்டால்? உடனே இணையத் தொடர்பைத் துண்டிக்க. வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுக. பணம் போயிருப்பின் வங்கிக்கும் 1930 என்னும் உதவி எண்ணுக்கும் காலந்தாழ்த்தாது தெரிவிக்க. இந்நகரில் இணையக் குற்றங்களுக்கெனத் தனிக் காவல் நிலையம் 2001-ஆம் ஆண்டிலேயே அமைந்தது. முறையிட வழி இருக்க, வெட்கப்பட்டு மறைப்பது நமக்கே தீங்காகும்.

தமிழ் நூல்களைத் தேடும் நமக்கு நல்ல இடங்களும் உள்ளன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பழந்தமிழ் நூல்களை இலவசமாகவே வழங்குகின்றன. அவை இருக்க, முகமறியாத் தளங்களை நான் நாடியது என் பிழையே.

அன்றிரவே ஆய்வேட்டை வேறொரு வன்தட்டில் படியெடுத்து வைத்தேன். நண்பர்களே, நீங்களும் இன்றே அவ்வாறு செய்யுங்கள். கேளாமல் வந்த கோப்பு ஒன்றைக் கண்டால், ஒரு நொடி கையை நிறுத்துங்கள். பல ஆண்டு உழைப்பை அந்த ஒரு நொடி காக்கும்.