பாரிஸ் குசினிக்குப் போக முன்

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் பிரான்சுக்கு ஆயத்தமாகும் எவருக்கும் முதலில் தெரிந்த பிரெஞ்சுப் பெயர் 'லாச்சப்பல்'. தமிழ்க் கடைகள் நிறைந்த அந்தப் பகுதியைப் பாரிஸ்காரர் 'லா-ஷ-பெல்' என்பார்கள். மூன்றே அசை, எந்த மெய்யும் இரட்டிக்காது, பாரம் கடைசி 'பெல்'லில். நாங்களோ முதல் அசையில் அழுத்திவிட்டு மிச்சத்தை விழுங்குகிறோம்.

அசை பிரிப்பது சுலபம். இரண்டு உயிருக்கு நடுவில் ஒரு மெய் வந்தால் அது பின்னதோடு போகும்: 'அ-னி-மல்'. இரண்டு மெய் வந்தால் ஆளுக்கொன்று: 'பார்-லே'. ப், க் போன்றவற்றுக்குப் பின் ல் அல்லது ர் வந்தால் மட்டும் இரண்டும் பிரியாது: 'தா-ப்லோ'. இதை 'தா-புலோ' ஆக்கினால் ஓர் அசை கூடிவிடும். எங்கள் நாக்கு அடிக்கடி செய்யும் வேலை இது.

சிக்கல் சொற்கள் சேரும்போதுதான். கடல், ஓரம் சேர்ந்தால் க-ட-லோ-ரம் என்கிறோமே, பிரெஞ்சும் அப்படித்தான். கோப்பை கழுவும் வேலைக்குப் போனாலும் முதலில் விளங்க வேண்டியது வேலை நேரம். இரண்டு மணி 'தெ-ஸெர்', பன்னிரண்டு மணி 'தூ-ஸெர்'. ('எ'யை உதடு குவித்தும் 'ஸ'வைத் தொண்டை அதிரவும் சொல்லுங்கள்.) இரண்டாம் அசை ஒன்றேதான், பாரமும் அதில்தான், வித்தியாசம் முழுவதும் மெல்ல ஒலிக்கும் முதல் அசையில். சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் திருப்பிக் கேளுங்கள்: நண்பகல் என்றால் 'மி-தி', பிற்பகல் இரண்டு என்றால் பதினாலு மணி, 'கா-தோர்-ஸெர்'.

பாரம் என்பது சத்தம் கூட்டுவதல்ல, சற்று நீட்டுவது. அது சொல்லுக்கு உரியதுமல்ல, சொற்கூட்டத்தின் கடைசி அசைக்கு உரியது. வேலைக்கு வரத் தயார் என்பதற்கு 'திஸ்-பொ-நிப்ல்' என்றால் 'நி' நீளும். பின்னால் 'து-மேன்', அதாவது நாளைக்கு, என்று சேர்த்தால் நீட்டல் 'மேன்'னுக்குப் போய்விடும்.

மொழியைப் பழக இன்னொரு காரணமும் உண்டு: 2026 ஜனவரி 1 முதல் பத்தாண்டு வதிவிட அட்டைக்கு பி1 நிலை, பிரஜாவுரிமைக்கு அதற்கு மேலான பி2 நிலை என்று பிரான்ஸ் மொழித் தகுதியை உயர்த்தியிருக்கிறது. குசினித் தமிழோடு காலம் தள்ளலாம் என்ற பழைய கணக்கு இனிச் சரிவராது.

ஆகவே, இலக்கணப் புத்தகத்தைத் திறக்க முன் ஒன்று முதல் இருபத்துநாலு வரை மணி சொல்லிப் பழகுங்கள். ஒன்பதில் கவனம்: தனியே 'நெஃப்', மணியோடு 'நெ-வெர்'.