சுழல்விசிறியில்லா நீர்மூழ்கிக் கப்பல்

கப்பலென்றால் அதன் பின்புறத்தில் சுழல்விசிறி சுழல வேண்டும். அது நீரைப் பின்னே தள்ள, கப்பல் முன்னே செல்லும். இது யாவரும் அறிந்ததே. சுழலும் உறுப்பு ஒன்றுகூட இன்றி நீரைத் தள்ள இயலுமா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பாடம்.

இயலும். கடல்நீரில் உப்பு கரைந்திருப்பதால் அதன் வழியே மின்சாரம் ஓடும். மின்சாரம் ஓடும் பொருளைக் காந்தத்தினிடையே வைத்தால் அதன்மீது ஒரு விசை உண்டாகும். இடக்கை விரல்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டிப் பாருங்கள். சுட்டுவிரல் காந்தப் புலத்தின் திசை. நடுவிரல் மின்னோட்டத்தின் திசை. கட்டைவிரல் காட்டுவது நீர் தள்ளப்படும் திசை. ஒரு குழாயின் இரு பக்கச் சுவர்களிலும் மின்தகடுகளைப் பதித்து, மேலும் கீழும் காந்தத்தை அமைத்தால், குழாயிலுள்ள நீர் தானே பின்னோக்கிப் பாயும். மாணவர்கள் இதை வீட்டிலேயே காணலாம். காந்தத்தின்மீது உப்புநீர்த் தட்டை வைத்து, மிளகுத்தூள் தூவி, மின்கலத்தின் இரு கம்பிகளையும் நீரில் இட்டால் தூள் நகருவது தெரியும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வது நலம்; காரணம் பின்னால் வருகிறது.

1966-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சாண்டா பார்பராவில், ஸ்டூவர்ட் வே என்ற பொறியியலாளரும் அவருடைய மாணவர்களும் ஏறக்குறைய 3 மீட்டர் நீளமுள்ள சிறு நீர்மூழ்கி ஒன்றை இம்முறையில் கடலில் ஓட்டிக் காட்டினர். மின்கலங்களே அதற்குச் சக்தியளித்தன. வேகமோ வினாடிக்கு சுமார் 0.4 மீட்டர், கரையில் நடந்து செல்பவர் அதை முந்திவிடுவார்!

ஏன் இத்தனை மந்தம்? அதன் காந்தப் புலம் 0.015 டெஸ்லா மட்டுமே. கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தினாலும், செம்பைவிட ஒரு கோடி மடங்கு மோசமாகவே கடத்துகிறது. ஆகவே மின்சக்தியில் பெரும்பகுதி நீரைச் சூடாக்குவதிலேயே வீணாகிறது. காந்தத்தை இருமடங்கு வலுவாக்கினால், அதே உந்துவிசைக்குப் பாதி மின்னோட்டம் போதும். வெப்ப நஷ்டம் நாலில் ஒரு பங்காகும். இவ்விஷயத்தின் உயிர்நாடி இந்தக் கணக்கே.

ஜப்பானியர் 1992-இல் கோபே துறைமுகத்தில் ஓட்டிய யமாட்டோ-1 என்னும் 30 மீட்டர்க் கப்பலில், திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்ட மீகடத்திக் காந்தங்கள் சுமார் 4 டெஸ்லா தந்தன. வேகம் மணிக்கு ஏழெட்டு கடல்மைல். நீர்மேற் கப்பல் அவ்வளவு பாரத்தைத் தாங்கியது. சிறு நீர்மூழ்கிக்குள் காந்தமும், குளிர்சாதனமும், மின்கலமும் அடங்குவதெங்ஙனம்?

ஓசையின்மையே இதன் பெருஞ்சிறப்பென்பர். சுழல்விசிறியின் இரைச்சல் இல்லைதான். ஆனால் மின்னோட்டம் உப்புநீரைச் சிதைக்கிறது. ஒரு தகட்டில் ஹைட்ரஜன் குமிழிகளும், மற்றொன்றில் குளோரின் வாயுவும் தோன்றுகின்றன. ஜன்னலைத் திறக்கச் சொன்னது இதற்காகத்தான். குமிழிகள் மின்னோட்டத்தைத் தடுக்கும்; ஓசையும் எழுப்பும். குளோரினோ தகட்டை அரித்துத் தின்னும். அன்றியும், பலத்த காந்தத்தை மறைக்காவிடில் அது பகைவனின் காந்தமானிக்கு எட்டிவிடும். காதுக்குத் தப்பியது கருவிக்குத் தப்பாது.

2021-இல் அணுப்பிணைவு ஆராய்ச்சிக்கெனச் செய்த பெரிய காந்தமொன்று 20 டெஸ்லாவை எட்டியது. அதனால் இப்பழைய யோசனைக்கு மீண்டும் உயிர் வந்தது. 2023-இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டார்ப்பா இதற்கெனத் தனித் திட்டமொன்றை அறிவித்தது. அது முதன்மையாகத் தேடப் புறப்பட்டது புதிய காந்தத்தை அன்று. கடல்நீரிலும் குளோரினிலும் அரிபடாத மின்தகட்டைத்தான்.