வாசலுக்கு எந்தக் கல்?

கேள்வி: வீட்டு வாசலிலும் கார் நிறுத்தும் இடத்திலும் கல் பதிக்க நினைக்கிறோம். கடப்பா போதும் என்கிறார் என் கணவர்; கிரானைட்தான் என்கிறார் மேஸ்திரி. யார் சொல்வது சரி?
- வாசகி, திருச்சி

பதில்: கார் ஏறும் இடத்துக்கு மேஸ்திரி, திண்ணைக்கும் நடைபாதைக்கும் உங்கள் கணவர்!

கடப்பா, கோட்டா, தாண்டூர் மூன்றும் சுண்ணாம்புக்கல் இனம். விலை குறைவு, ஆனால் அமிலம் ஆகாது. எலுமிச்சைச் சாறு சிந்தினாலே பளபளப்பு போய்த் தடம் விழும். கிரானைட் இவற்றைவிடக் கடினம். வீட்டில் புழங்கும் புளிப்புக்கெல்லாம் அசையாது.

அதற்காகப் பாலிஷ் போட்ட கிரானைட்டை வெளியே பதிக்காதீர்கள். மழையில் வழுக்கும். தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய 'ஃபிளேம்டு' வகையைக் கேளுங்கள். வெயில் விழும் இடத்தில் கறுப்பு வேண்டாம், மதியம் வெறுங்காலோடு நடக்க முடியாது. சாம்பல் நிறம் பரவாயில்லை.

பதிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கல்லுக்கு அடியில் கலவை முழுதாக நிரம்ப வேண்டும். காய்ந்தபின் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலித்தால் பெயர்த்துப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் சக்கரம் ஏறி விரிசல் விடும். தண்ணீர் வடிய 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் போதும்.

பராமரிப்புக்குத் தண்ணீரும் காரமில்லாத சோப்பும் போதும். பாத்ரூம் ஆசிட் கடப்பா பக்கமே வரக் கூடாது. சிமென்ட் கறையைப் போக்கக்கூட. வெள்ளையாக உப்புப் பூத்தால் முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள்ளேயே இறங்கும்.